கருவிப் பகிர்வும் பசுமை ஆய்வகமும்: ஆய்வு நிதி கேட்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு பொதுக் கருவிக்கூடத்தைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் நான். நிதி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கினால் யாராவது ஒருவர் என் அறைக்கு வந்துவிடுவார். "கருவிகளை எப்படிப் பகிர்வீர்கள் என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள், சுற்றுச்சூழலுக்கு என்ன செய்வீர்கள் என்று இன்னொரு பக்கம் கேட்கிறார்கள். என்ன எழுதுவது?" அப்படி வந்தவர்களின் கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்த நிபந்தனைகள் எல்லாம் எங்கிருந்து வந்தன?

பகிர்வு விதிகள் பணக் கவலையில் பிறந்தவை. பொதுப்பணத்தில் வாங்கிய கருவி ஒரு கட்டடத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும். அடுத்த கட்டடத்தில் அதே கருவிக்கு இன்னொருவர் நிதி கேட்டுக்கொண்டிருப்பார். இதை நிதி தருவோர் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள்.

சுற்றுச்சூழல் விதிகள் பிறகு வந்தவை. ஆய்வகம் எவ்வளவு மின்சாரமும் பிளாஸ்டிக்கும் விழுங்குகிறது என்று ஆய்வாளர்களே எண்ணிப் பார்க்கத் தொடங்கிய பிறகு வந்தவை. 2015இல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் தங்கள் உயிரியல் துறையின் குப்பையை எடைபோட்டார்கள். அதை உலக அளவுக்கு விரித்துப் பார்த்தபோது, 2014ஆம் ஆண்டில் மட்டும் உயிரியல் சார்ந்த ஆய்வகங்களிலிருந்து ஏறத்தாழ 55 லட்சம் டன் பிளாஸ்டிக் கழிவு வந்திருக்கும் என்று தெரிந்தது. ஒரே ஒரு துறையை வைத்துப் போட்ட மதிப்பீடுதான். ஆனாலும் பலரை அது உலுக்கியது. 2022இல் வானியலாளர்கள் தங்கள் தொலைநோக்கிகளுக்கும் விண்கலங்களுக்கும் இதே போலக் கணக்குப் போட்டார்கள். கருவிகளின் பங்கு மட்டும் ஒரு வானியலாளருக்கு ஆண்டுக்குச் சுமார் 36 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையாக வந்தது.

விண்ணப்பப் படிவத்தில் இவை இரண்டு தலைப்புகளாக இருக்கின்றன. எழுதும்போது இரண்டையும் ஒன்றாகவே யோசியுங்கள். நான்கு குழுக்கள் ஒரே கருவியைப் பயன்படுத்தினால் மூன்று கருவிகள் தயாரிக்கப்படவே இல்லை. அவற்றுக்கான அறையும் குளிரூட்டலும் மின்சாரமும் மிச்சம்.

உண்மையிலேயே யார் கேட்கிறார்கள்? எல்லா நிதி அமைப்புகளுமா?

எல்லோரும் இல்லை. கேட்பவர்களும் ஒரே மாதிரி கேட்பதில்லை.

அமெரிக்காவில் கூட்டரசு தரும் நல்கைகளுக்கான, அதாவது நிதியுதவிகளுக்கான, பொதுவிதியிலேயே இது இருக்கிறது. நல்கையில் வாங்கிய கருவியை, அந்தத் திட்டத்தின் வேலைக்கு இடையூறு வராத அளவுக்கு, கூட்டரசு நிதி பெறும் மற்றத் திட்டங்களுக்கும் பயன்படுத்தக் கொடுக்க வேண்டும். ஒரே கருவியைத் தேவையில்லாமல் இரண்டு முறை வாங்கக் கூடாது என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. தேசிய சுகாதார நிறுவனங்களின் எஸ்10 திட்டம் இன்னும் நேரடியானது. பகிர்வுக் கருவிகளுக்கென்றே உள்ள நல்கை அது. முக்கியப் பயனர்களை விண்ணப்பத்திலேயே காட்ட வேண்டும், கருவியின் பயன்பாட்டை மேற்பார்வையிட ஓர் ஆலோசனைக் குழுவும் அமைக்க வேண்டும்.

பிரிட்டனில் சுற்றுச்சூழல் பக்கம்தான் வலுவாக இருக்கிறது. யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் உருவாக்கிய 'லீஃப்' என்ற ஆய்வகத் தரச்சான்று வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள் கொண்டது. மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் வெல்கம் அறக்கட்டளையும் கேன்சர் ரிசர்ச் யு.கே.யும் தங்களிடம் நிதி பெறும் ஆய்வகங்களுக்கு இதையோ இதற்கு ஈடான சான்றையோ நிபந்தனையாக்கின. 2024 ஏப்ரலில் அந்நாட்டு நிதி அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரு பொது உடன்பாட்டை வெளியிட்டன. கட்டடம், கொள்முதல், பயணம், கூட்டுப்பணி, சுற்றுச்சூழல் பாதிப்புத் தரவை வெளியிடுதல் என்று பல பொறுப்புகளைக் கையெழுத்திட்டவர்கள் அதில் ஏற்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பில், சுற்றுச்சூழலுக்குக் 'குறிப்பிடத்தக்க தீங்கு செய்யாமை' என்ற கொள்கை இருக்கிறது. அதில் ஆய்வாளர்களின் பயிற்சிக்கும் பணிவளர்ச்சிக்கும் தரப்படும் மேரி கியூரி நல்கைகளுக்குத் தனியாக ஒரு பசுமைச் சாசனமும் உண்டு. இந்தியாவில் கருவிகள் எங்கே இருக்கின்றன என்று தேடவும் முன்பதிவு செய்யவும் ஐ-ஸ்டெம் தளம் 2020 ஜனவரியில் தொடங்கியது. 2022இல் பகிர்வுக்கும் பராமரிப்புக்கும் 'ஸ்ரீமன்' என்ற வழிகாட்டு நெறிகள் வந்தன.

விதிகள் ஆண்டுதோறும் மாறும். போன வருட விண்ணப்பத்தை நகலெடுத்து எழுதாதீர்கள். இந்த முறை அழைப்பில் என்ன இருக்கிறது என்று முழுதாகப் படியுங்கள்.

"பிற ஆய்வாளர்களுக்கும் கருவி கிடைக்கும்" என்று ஒரு வரி போட்டால் போதாதா?

போதாது. மதிப்பீட்டாளர் அந்த வரியை ஆயிரம் முறை படித்திருப்பார். அவருக்கு வேண்டியது கணக்கு.

எப்படிக் கணக்குப் போடுவது என்று சொல்கிறேன். வாரத்துக்கு 40 மணி நேரம், ஆண்டுக்கு 50 வாரம் என்றால் 2,000 மணி நேரம். அதில் அளவுத்திருத்தம், பழுது, உதிரிபாகத்துக்குக் காத்திருப்பது ஆகியவற்றுக்கு 250 போய்விடும். மீதி 1,750. உங்கள் திட்டத்துக்கு 700 வேண்டும், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க 150 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மற்றவர்களுக்குத் தரக்கூடியது 900 மணி. இந்த எண்ணை எழுதுங்கள். அந்த 900 மணியை யார் கேட்கப்போகிறார்கள் என்று குழுக்களின் பெயரோடு எழுதுங்கள். முடிந்தால் அவர்களிடமிருந்து இரண்டு வரிக் கடிதம் வாங்கி இணையுங்கள்.

அப்புறம் நடைமுறை. முன்பதிவு எப்படி நடக்கும், யார் பயிற்சி தருவார், பயிற்சி முடித்தவர் தானே இயக்கலாமா அல்லது மாதிரியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டுமா, இரண்டு பேர் ஒரே நாளைக் கேட்டால் யார் முடிவு செய்வார், தரவு எங்கே சேமிக்கப்படும், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள். வெளி நிறுவனத்தவர் கட்டடத்துக்குள் நுழைய அனுமதி வாங்கவே இரண்டு வாரம் ஆகும் என்றால் அதையும் இப்போதே சரிசெய்ய வேண்டும். வாசலில் நின்றுபோகும் பகிர்வுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அதோடு, வாங்கும் முன் தேடினீர்களா என்பதற்குச் சான்று வேண்டும். "அருகில் இதே வகைக் கருவிகள் இரண்டு உள்ளன. ஒன்றில் காத்திருப்பு நான்கு மாதம், மற்றொன்றில் எங்கள் மாதிரிக்குத் தேவையான வெப்பநிலை வசதி இல்லை" என்று எழுதினால் மதிப்பீட்டாளருக்கு நம்பிக்கை வரும். தேடியபின் வாங்கவே வேண்டாம் என்று தெரிந்தாலும் நல்லதே. அந்தப் பணத்தை ஆள் எடுக்கக் கேளுங்கள்.

கருவிக்கு மட்டும்தானே நிதி கேட்க முடியும்? இயக்குபவருக்கும் கேட்கலாமா?

கேட்டே ஆக வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நான் வேலை செய்த ஓர் இடத்தில், மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு அடையாளம் காட்டும் நிறை நிறமாலைமானி ஒன்று வந்திறங்கியது. நல்ல கருவி. விண்ணப்பத்தில் எட்டுக் குழுக்களின் பெயர் இருந்தது. நிறுவியவர்கள் மூன்று நாள் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனார்கள். பயிற்சி பெற்றவர் ஓர் ஆய்வு மாணவர். ஒன்றரை வருடத்தில் பட்டம் முடித்துக்கொண்டு அவரும் போய்விட்டார். அதன் பிறகு அதைத் தொட எல்லோருக்கும் பயம். வெற்றிடப் பம்பில் எண்ணெய் மாற்ற ஆள் இல்லை, அயனி மூலத்தைச் சுத்தம் செய்ய ஆள் இல்லை. பராமரிப்பு ஒப்பந்தம் முதல் வருடத்தோடு முடிந்தது. இரண்டு ஆண்டுகள் அது பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்ததை நான் தினமும் பார்த்தேன். எட்டுக் குழுக்களும் மாதிரிகளை வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. பட்டியலில் மட்டும் அது 'பகிர்வுக் கருவி' என்றே இருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், பகிர்வைத் தாங்குவது ஆள். கருவியின் குணம் தெரிந்தவர், அதன் சத்தம் மாறினால் கவனிப்பவர், புதிதாக வரும் மாணவரின் மாதிரியைப் பார்த்து "இதை இப்படியே போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும்" என்று சொல்லத் தெரிந்தவர். அவருக்கு நிலையான வேலையும் சம்பளமும் வேண்டும். நிதி தருவோர் சம்பளத்தை ஏற்க மாட்டார்கள் என்றால் உங்கள் நிறுவனம் ஏற்கும் என்று எழுத்தில் வாங்கி விண்ணப்பத்தில் வையுங்கள். இரண்டும் இல்லையென்றால் பகிர்வு வாக்குறுதி கொடுக்காதீர்கள்.

பராமரிப்புச் செலவும் அப்படித்தான். பெரிய கருவிக்கு ஆண்டுப் பராமரிப்பு, கொள்முதல் விலையில் பத்தில் ஒரு பங்கு வரை போகலாம் என்று வைத்துத் திட்டமிடுங்கள். பத்து வருடம் ஓடினால் இன்னொரு கருவியின் விலை அது. நிதி அமைப்புகளிடமும் எனக்கு இதே கோரிக்கைதான்: பகிரச் சொல்லும் விதியோடு, பகிர்வதற்கான ஆள் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பயன்படுத்துவோரிடம் கட்டணம் வாங்கலாமா? எவ்வளவு?

பெரும்பாலான விதிகள் அனுமதிக்கின்றன. செலவை ஈடுகட்டும் அளவுக்கு வாங்கலாம், லாபத்துக்கு அல்ல என்பதுதான் பொதுவான கொள்கை. ஓர் ஆண்டில் கருவிக்கு ஆகும் செலவை எல்லாம் கூட்டி, உண்மையில் ஓடும் மணி நேரத்தால் வகுக்க வேண்டும்.

இந்த 'உண்மையில்' என்ற சொல்லில்தான் பலர் தவறுகிறார்கள். ஆண்டுச் செலவு 8,00,000, ஓடுவது 1,600 மணி என்றால் மணிக்கு 500 வாங்க வேண்டும். 2,000 மணி ஓடும் என்று நம்பி 400 என்று வைத்தால் ஆண்டு முடிவில் 1,60,000 துண்டு விழும். அதை எங்கிருந்தோ எடுத்து அடைப்பீர்கள். அடுத்த ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தத்தைக் கைவிடுவீர்கள். நான் சொன்ன பிளாஸ்டிக் உறைக் கதை இப்படியும் தொடங்கும்.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள். நல்கையில் வாங்கிய கருவியின் விலையைத் தேய்மானம் என்ற பெயரில் மறுபடி கட்டணத்தில் சேர்க்கக் கூடாது; ஒரே செலவை இரண்டு முறை வசூலிப்பதாகிவிடும். அடுத்தது, அமெரிக்க விதிப்படி கூட்டரசு நிதியில் வாங்கிய கருவியைக் கொண்டு தனியார் நிறுவனங்களின் விலைக்குக் கீழே போட்டிச் சேவை நடத்தக் கூடாது. வெளி நிறுவனங்களுக்குத் தனிக் கட்டணப் படி வைப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஹொரைசன் யூரோப்பில் நிலைமை வேறு. பொதுவாக அங்கே முழு விலையையும் கேட்க முடியாது. திட்டக் காலத்துக்கும் திட்டத்துக்கான பயன்பாட்டுக்கும் உரிய தேய்மானத் தொகையை மட்டுமே காட்டலாம். இதற்கும் மணிக்கணக்குப் பதிவு வேண்டும். எனவே யார் எத்தனை மணி பயன்படுத்தினார் என்ற பதிவேட்டை முதல் நாளிலிருந்தே வையுங்கள்.

பகிர்ந்தால் என் சொந்த வேலை பின்னுக்குப் போகாதா?

இந்தப் பயம் நியாயமானது. மாணவர் ஒருவரின் ஆய்வேடு ஒரு வாரத் தாமதத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் முன்னுரிமையை வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள்: வாரத்தில் இந்த இரண்டு நாள் எங்கள் திட்டத்துக்கு, மற்றவை பொது, முன்பதிவு செய்து பயன்படுத்தாத நேரம் 24 மணி முன்னதாகத் திரும்பப் பொதுவுக்கு. இது தன்னலம் ஆகாது. அமெரிக்க விதியே "திட்டத்துக்கு இடையூறு இல்லாமல்" என்றுதான் சொல்கிறது.

பெரிய அளவில் இது பல பத்தாண்டுகளாக நன்றாக நடக்கிறது. மிகச் செறிவான எக்ஸ்-கதிர் தரும் பெரிய துகள்முடுக்கியான சின்க்ரோட்ரானைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தமக்கென்று கட்டிக்கொள்வதில்லை. ஆய்வாளர்கள் அந்தக் கதிரைப் பயன்படுத்தும் நேரம் கேட்டு விண்ணப்பிக்கிறார்கள், சக ஆய்வாளர் குழு தேர்ந்தெடுக்கிறது, முடிவுகளை வெளியிடுவோருக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. தொலைநோக்கி நேரமும் இப்படியே பங்கிடப்படுகிறது. புரதப் படிகங்களை உறைநிலையில் கூரியரில் அனுப்பிவிட்டு, தங்கள் மேசையிலிருந்தே அளவீடு எடுக்கிறவர்கள் இன்று ஏராளம்.

எல்லாவற்றையும் பகிர வேண்டுமா?

வேண்டாம். தினமும் பத்து முறை தேவைப்படும் சின்னத் தராசும் பி.எச். மீட்டரும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரே சோதனைக்காக மாதக்கணக்கில் சீரமைத்து வைத்த லேசர் மேசையைக் கலைத்தால் எல்லோருக்கும் நஷ்டம். நோய்க்கிருமி, கதிரியக்கப் பொருள், நோயாளித் தரவு கையாளும் கருவிகளுக்குத் தனி விதிகள் உண்டு. காரணத்தை எழுதினால் மதிப்பீட்டாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

சுற்றுச்சூழல் பகுதியில் என்ன எழுதுவது?

முதலில் உங்கள் ஆய்வகத்தில் எது அதிகம் தின்கிறது என்று பாருங்கள். மற்றவர் பட்டியலை எடுத்து ஒட்டாதீர்கள். ஜெனீவா அருகே உள்ள துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் நிறுவனத்தைப் பற்றி நினைத்தால் மின்சாரம்தான் மனதில் வரும். ஆனால் அவர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி, அவர்களின் நேரடி வெளியேற்றத்தில் பெரும்பகுதி துகள் உணரிகளிலும் குளிரூட்டலிலும் பயன்படும் ஃப்ளூரின் வாயுக்களிலிருந்து வருகிறது. அளக்காமல் இது தெரிந்திருக்காது.

உயிரியல் ஆய்வகம் என்றால் பெரும்பாலும் ஃப்ரீசரில் தொடங்கலாம். மைனஸ் 80 டிகிரியில் ஓடும் பழைய ஃப்ரீசர் ஒன்று ஒரு நாளைக்குச் சுமார் 20 யூனிட் மின்சாரம் எடுக்கும். அதையே மைனஸ் 70இல் வைத்தால் ஏறத்தாழ 30 சதவீதம் மிச்சமாகும். பெரும்பாலான மாதிரிகளுக்கு அது போதும். எல்லா மாதிரிக்கும் போதாது, ஆகவே முதலில் சிலவற்றை மட்டும் மாற்றிச் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். பனியைச் சுரண்டுங்கள், வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். யாருடையது என்றே தெரியாத பழைய பெட்டிகளைக் கண்டுபிடித்துப் பட்டியல் போடுங்கள். எங்கள் கூடத்தில் அப்படிப் பட்டியல் போட்டதில் ஒரு ஃப்ரீசர் முழுவதும் காலியானது. புதிதாக ஒன்று வாங்க வைத்திருந்த பணத்தில் வெப்பநிலை எச்சரிக்கைக் கருவிகள் வாங்கினோம்.

வேதியியல் என்றால் ஃப்யூம் ஹூட். வேதிப்பொருள்களின் ஆவி ஆளைத் தாக்காமலிருக்க, அறையின் குளிரூட்டிய காற்றை இரவு பகலாக உறிஞ்சி வெளியே தள்ளுகிற பெட்டி அது. ஒரு ஹூட் சராசரி அமெரிக்க வீட்டைப்போல மூன்றரை மடங்கு ஆற்றல் எடுக்கும் என்று லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் கணக்கிட்டார்கள். காற்றின் அளவு தானாக மாறும் அமைப்பு இருந்தால், வேலை முடிந்ததும் கண்ணாடிக் கதவை இறக்குவது ஒன்றே பெரிய மிச்சம். பாதுகாப்பும் கூடும். அமைப்பு அப்படி இல்லையென்றால் கதவை இறக்கி மின்சாரம் மிச்சமாகாது. கட்டடப் பொறியாளரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

மரம் நடுவோம் என்று எழுதாதீர்கள். நடுவது நல்ல காரியம்தான், ஆனால் உங்கள் சோதனை எப்படி நடக்கும் என்பதைத்தான் கேட்கிறார்கள்.

என் வேலை முழுக்கக் கணினியில். எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். எந்தச் செயலி, எத்தனை மணி நேரம், எவ்வளவு நினைவகம், எந்த நாட்டு மின்சாரம் என்று கொடுத்தால் வெளியேற்றத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் 'கிரீன் அல்காரிதம்ஸ்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. பெரிய ஓட்டத்துக்கு முன் சிறிய தரவில் சோதித்துப் பார்ப்பதும், தேவைக்கு மேல் நினைவகம் கேட்காமல் இருப்பதும், இன்னொருவர் ஏற்கெனவே கணக்கிட்டு வெளியிட்டதைத் திரும்ப ஓட்டாமல் இருப்பதும் எழுதத் தக்கவை.

எங்களுடையது சிறிய நிறுவனம். இந்த விதிகள் எங்களுக்குச் சுமைதானே?

சான்று வாங்க, அறிக்கை எழுத, அளவிட என்று நேரம் போகத்தான் செய்யும். தனி அலுவலர் உள்ள பெரிய பல்கலைக்கழகத்துக்கு அது எளிது. அதே படிவத்தை நான்கு பேர் உள்ள துறையும் நிரப்ப வேண்டும் என்பது எனக்கு வருத்தம். இதற்கான உழைப்பையும் திட்டச் செலவில் காட்டுங்கள், சில அழைப்புகள் அதை ஏற்கின்றன.

ஆனால் பகிர்வு விதியால் அதிகம் பயனடையக்கூடியவர்களும் நீங்கள்தான். கேட்கத் தயங்காதீர்கள். பொதுப்பணத்தில் வாங்கிய கருவி என்றால், விதி அனுமதிக்கும் இடத்தில் நீங்கள் கேட்பது சலுகை இல்லை. மின்னஞ்சலில் மாதிரி எத்தனை, என்ன கரைப்பான், எத்தனை மணி நேரம் என்று தெளிவாக எழுதுங்கள். "கருவியைப் பயன்படுத்த முடியுமா?" என்று மட்டும் வரும் கடிதங்களுக்கு எங்களால் பதில் எழுதக்கூட முடிவதில்லை.

பயன்படுத்திய கருவிக்கூடத்துக்கு எப்படி நன்றி சொல்வது?

கட்டுரையில் கூடத்தின் பெயரையும் அதற்கு அடையாள எண் இருந்தால் அதையும் போடுங்கள். கூடங்களுக்கும் தனித்தனிக் கருவிகளுக்கும் நிரந்தர எண் தரும் முறைகள் வந்துவிட்டன. அடுத்த முறை நிதி கேட்கும்போது கூடம் காட்டக்கூடிய சான்று அதுதான். இயக்குபவர் சோதனையை வடிவமைக்கவோ தரவைப் புரிந்துகொள்ளவோ உதவியிருந்தால் அவர் இணை ஆசிரியர். கட்டணம் கட்டிவிட்டோம் என்பது அதை மாற்றாது.

திட்டம் முடிந்த பிறகு கருவி யாருடையது? பழசானால் என்ன செய்வது?

உரிமை நல்கை விதியைப் பொறுத்தது. பெரும்பாலும் நிறுவனத்திடம் இருக்கும், ஆனால் விற்கவோ மாற்றவோ அனுமதி தேவைப்படலாம். நீங்கள் வேறு நிறுவனத்துக்கு மாறினால் கருவியும் உடன் வருமா என்பதை இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். இதில் மனக்கசப்பு வந்த நட்புகளை அறிவேன்.

ஓடும் நிலையில் உள்ள பழைய கருவியைக் கற்பிக்கும் ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது கையேடு, மென்பொருள் உரிமம், அதை இயக்கும் பழைய கணினி மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஓடாத கருவியின் பம்பும் மின்வழங்கியும் அதே மாதிரிக் கருவி வைத்திருக்கும் இன்னொருவருக்குப் பொக்கிஷம். மூலக்கூறுகளின் அமைப்பை அறியப் பயன்படும் என்.எம்.ஆர். கருவியின் காந்தம் என்றால், திரவ ஹீலியத்தில்தான் அது குளிர்ந்திருக்கும்; அணைக்கும் முன் திரவ ஹீலியத்தை மீட்டெடுக்க ஏற்பாடு செய்யுங்கள். காற்றில் விட்டால் அது திரும்பக் கிடைக்காது. ஃப்ரீசர் என்றால் குளிர்வாயுவை உரிமம் உள்ளவர் இறக்க வேண்டும். எதுவானாலும், கிருமிநீக்கம் செய்த சான்றிதழில் கையெழுத்திட்டு கருவியின் மேலேயே ஒட்டிவிடுங்கள். அது இல்லாமல் எந்த லாரிக்காரரும் ஏற்ற மாட்டார்.